ஒரு ஆர்மடில்லோ ஒரிஜினல் ஆன கதை

போன வாரம் திருவனந்தபுரம் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நான் முன்பு வேலை பார்த்த கைவினைக் கடை வழியாக வந்தேன். கண்ணாடி ஜன்னலில் ஓர் ஆர்மடில்லோ உட்கார்ந்திருந்தது. ஃபைபரில் வார்த்தது. முதுகில் தங்கப் பெயின்ட், வயிற்றுக்குள் பல்பு. காலடியில் ஓர் அட்டை: "கேரளப் பாரம்பரியக் கலைப்பொருள்". தென்னமெரிக்காவில் மண்ணைக் கிளறிப் பூச்சி தின்று பிழைக்கும் மிருகம் எப்போது நம் பாரம்பரியத்தில் சேர்ந்தது என்று உள்ளே போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியாது.

"டிசைன் கம்ப்யூட்டரே போட்டுத் தந்தது ஆன்ட்டி. நல்ல மூவிங் ஆணு," என்றாள். நன்றாக விற்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவிடே முன்னாடி ஒரு ஆர்மடில்லோ கேஸ் ஆச்சாமே, ஃபாரஸ்ட்காரங்க துப்பாக்கியோட வந்தாங்களாமே, கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

கேட்டிருக்கிறேனாவா? அந்த ஆர்மடில்லோவை வரைந்தவளே நான்தான். துப்பாக்கி எதுவும் வரவில்லை. ஒரு ஜீப் வந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் ஹெலிகாப்டரும் வந்ததாகச் சொல்வார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவைத்துவிடுகிறேன்.

என் வீடு ஸ்ரீவராகத்தில். நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். படித்து முடித்தவளுக்கு இந்தக் கடையின் டிசைன் பிரிவில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் அதைச் சொன்னபோது நல்லபடியாகத்தான் விசாரித்தார்கள், என்ன பொருளில் வேலை என்று தெரியும்வரை. எருமைக் கொம்பு என்றதும் மாமியார் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். "ஆபீஸ்லேர்ந்து வந்தா நேரே கிணத்தடி. தலைக்கு விட்டுண்டுட்டு அப்பறம் உள்ள வா." எனக்குத் தீராத ஜலதோஷம் கிடைத்தது இப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில் நான் வரைந்தது யானை. தும்பிக்கை தூக்கிய யானை, தும்பிக்கை தொங்கிய யானை, பேனா வைக்க முதுகில் ஓட்டை போட்ட யானை. பயிற்சி என்று வேறெதுவும் சொல்வதற்கில்லை.

மேனேஜர் சுகுமாரன் சாரைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் புரியாது. நெற்றியில் சந்தனம், விரலில் பவழ மோதிரம். எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். தேங்காய் வாங்குகிறவர்கள் செய்வதுபோல. என்ன கேட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்து ஒரே கேள்வி: "இதில் ஆனை எவிடே?"

மயில் கொண்டுபோனாலும் அதே கேள்விதான், மீன் கொண்டுபோனாலும் அதே கேள்விதான். டூரிஸ்ட் கேரளத்துக்கு வருவதே யானை வாங்கத்தான் என்பது அவர் சித்தாந்தம். ஒருமுறை மீன் வடிவ விளக்குக்கு, யானைக்குக் கட்டுவதுபோல நெற்றிப்பட்டம் கட்டச் சொன்னார். கட்டினோம். எரிச்சல் என்னவென்றால், அந்த மீன் விற்றுத் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் யாரால் பேச முடியும்?

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் வாயால் சொல்வார், எழுத்தில் தர மாட்டார். நல்லது நடந்தால் "ஞான் பண்டே பறஞ்சதல்லே" என்பார், நான் அப்போதே சொன்னேனே என்று. கெட்டது நடந்தால் மோவாயைத் தடவிக்கொண்டு "நோக்கட்டே" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

கொம்பு வேலையில் எங்களிடம் இருந்த ஆள் ஞானதாஸ். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கைவேலைக்காரர்கள் அடக்கமானவர்கள் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்களே, அவர்கள் ஞானதாஸைப் பார்த்ததில்லை. தான் செதுக்கிய கொக்கைத் தானே தள்ளி நின்று பார்த்து, "பறந்திரும் போலயிருக்கு, கால்ல கயிறு கெட்டுங்க மேடம்," என்பார். அவருடைய ஒரே குறை, செய்த பொருளில் பேர் போட முடியவில்லை என்பது. எங்கள் கடைப் பொருள் எதிலும் செய்தவர் பெயர் இருக்காது. அடியில் கடையின் ஸ்டிக்கர் மட்டும். ஒருமுறை நான் அவருக்காகப் போய்க் கேட்டேன். "வாங்கறவன் கேரளத்தை வாங்கிக்கிட்டுப் போறான் மேடம். ஞானதாஸையா வாங்கறான்?" என்றார் சுகுமாரன் சார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு கழக்கூட்டத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண்ணும் பையனும் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காப்பிக் குவளை. அவர்கள் கம்பெனியின் சின்னம் ஆர்மடில்லோவாம். வரவேற்பறையில் வைக்க ஒன்று வேண்டும், கொம்பில் வேண்டும், வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதற்குள் வேண்டும்.

"எங்க சாஃப்ட்வேர் ஹேக்கரை உள்ள விடாது மேடம். ஆபத்து வந்தா ஆர்மடில்லோ உருண்டையா சுருண்டுக்கும் இல்லையா, அது மாதிரி," என்றாள் அந்தப் பெண்.

"சுருண்டுண்டுடுத்துன்னா வேலை எப்படி நடக்கும்?" என்றேன்.

அது அவர்கள் பிரிவு இல்லையாம். "க்யூட்டா இருக்கணும், ஆனா ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆர்மடில்லோவை நான் நேரில் பார்த்ததில்லை. படங்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வரைந்தேன். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. முன்னால் ஒரு கவசம், பின்னால் ஒரு கவசம், நடுவில் கடை ஷட்டர்போல மடங்கும் பட்டைகள். கழுதைக் காது. பன்றி மூக்கு. கடவுள் மிச்சம் மீதியை வைத்துச் செய்ததுபோல ஓர் உடம்பு. ஆனாலும் அலங்காரத்துக்கு இதைவிடத் தோதான மிருகம் கிடையாது. யானையில் கோலம் போட இடம் தேட வேண்டும், இது பிறக்கும்போதே கோலத்தோடு பிறக்கிறது. என் வேலைக்காலத்தில் நான் ஆசையோடு போட்ட சில படங்களில் அது ஒன்று.

சுகுமாரன் சார் காகிதத்தையும் மோதிரத்தால் தட்டினார். ஆனால் வழக்கமான கேள்வி வரவில்லை. "செதில் எவிடே?" என்றார்.

"இதுக்குச் செதில் கிடையாது சார். பட்டைதான். செதில் இருக்கறது ஈனாம்பேச்சிக்கு."

எறும்புதின்னியைத்தான் மலையாளத்தில் ஈனாம்பேச்சி என்பார்கள். ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில் அடுக்கிய மிருகம். நம் காடுகளில் உண்டு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது தன்னே! இது நம்முடே ஈனாம்பேச்சியல்லே? நாட்டில் உள்ளதை விட்டுட்டு எதுக்கு அமெரிக்காக்காரன்? பட்டை வெறும் பட்டையா இருந்தா ஆள் ஏமாந்துபோவான். முழுக்கச் செதில் போடு. மூக்கைத் தூக்கி வை, ஐஸ்வர்யம். நெற்றிப்பட்டமும் கெட்டிக்கோ."

மூன்று நாள் சண்டை போட்டேன். நெற்றிப்பட்டம் மட்டும் ஒழிந்தது. காதும் முகமும் அமெரிக்கா, கழுத்துக்குக் கீழே கேரள வனம் என்று ஒரு பிராணி முடிவாயிற்று. உலகத்தில் எந்தக் காட்டிலும் அதற்கு உறவுக்காரர்கள் கிடையாது.

ஞானதாஸுக்கு மட்டும் பரமானந்தம். செதில் என்றால் வேலை, வேலை என்றால் வித்தை காட்டலாம். அவர் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கொம்பை ஊறவைத்து, அறுத்து, தேங்காய்ச் சிரட்டைக்கரி அனலில் வாட்டுவார். சூடு ஏறினால் கொம்பு தோல்போல இளகும். இளகியதை இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து வைஸ் இடுக்கியில் முறுக்கி, ஆறும்வரை விடுவார். வளைந்த கொம்பு தட்டையாகிவிடும். பிறகு செதில் செதிலாக வெட்டி, அரத்தால் ராவி, ஒவ்வொன்றிலும் நகத்தில் இருப்பதுபோல மெல்லிய வரிகள் கீறி, கரித்தூளும் தேங்காயெண்ணெயும் வைத்துத் தேய்ப்பார். கீழ்ச்செதில் கறுப்பு, மேலே வர வரத் தேன் நிறம். குமிழ் மரத்தில் உடம்பைக் கடைந்து, அதன்மேல் வால் நுனியிலிருந்து தொடங்கி ஒட்டிக்கொண்டு வந்தார். முடிந்தபோது நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். என் படத்தைக் கெடுத்துத்தான் அது உண்டாகியிருந்தது. ஆனாலும் அவ்வளவு அழகான பொருள் அந்தக் கடையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சொல்வதற்கென்ன, எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரிய பொருள் எதையும் கொடுப்பதற்கு முன் சில நாள் ஜன்னலில் வைப்பது கடை வழக்கம். வைத்தால் வேணு கதை சொல்வான். வேணு எங்கள் விற்பனையாள். பொருளுக்கு ஒரு கதை வீதம் வைத்திருப்பான். போன மாதம் செய்த வெற்றிலைச் செல்லத்தை ராஜா வெற்றிலை போட்ட செல்லம் என்பான், புது விளக்கைக் கோயில் விளக்கு என்பான். எல்லாம் "ஒரிஜினல்". சுகுமாரன் சாருக்கு இது தெரியும். தெரிந்துதான் வருஷா வருஷம் அவனைப் பாராட்டினார்.

ஆர்மடில்லோவைப் பார்த்து வாய்பிளந்து நின்ற ஒரு டூரிஸ்ட் கூட்டத்திடம் வேணு கைகூப்பிச் சொன்னான்: "ஒரிஜினல் ஈனாம்பேச்சி செதில். ஒவ்வொண்ணும் ஒரிஜினல். வீட்ல வெச்சா ஐஸ்வர்யம்." அதில் ஒருவர் செல்போனில் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டார்.

ஜீப் வந்தது அப்புறம்தான்.

வனத்துறை ரேஞ்சர் நிதானமான மனிதர், என் தம்பி வயசு இருக்கும். பேச்செல்லாம் மலையாளத்தில், நான் தமிழில் தருகிறேன். ஈனாம்பேச்சியின் செதிலை வைத்திருப்பதே குற்றம், புலித்தோல் வைத்திருப்பதற்குச் சமம், ஜாமீன் லேசில் கிடைக்காது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு ஆர்மடில்லோவைச் சுற்றி வந்து, முழங்காலிட்டுப் பார்த்து, விரலால் ஒரு செதிலைத் தடவினார்.

"இதைச் செய்தது யார்?"

பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஞானதாஸ், நான் கையைப் பிடிப்பதற்குள் முன்னால் வந்து நின்றுவிட்டார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஞானதாஸ், பாறசாலை," என்றார். பரிசு வாங்க மேடையேறியவர் மாதிரி.

"சரி. வண்டியில் ஏறு."

முதலில் வேணு ஓடிவந்தான். "சார், அது ஒரிஜினல் இல்லை சார், எருமைக் கொம்பு!"

"வீடியோவில் கைகூப்பிச் சொன்னாயே?"

"அது பொய் சார்."

"அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"நான் எப்பவும் பொய்தான் சார் சொல்வேன், அதுதான் சார் என் வேலை," என்றான் வேணு, அழுதுவிடுகிறவன்போல. என் காதுபட அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதை யாரும் நம்பவில்லை.

பட்டறையில் கொம்பு குவிந்து கிடப்பதைக் காட்டினேன். "கொம்புப் பட்டறையில் கொம்பு இருக்கும். அந்த மிருகத்தின் மேலே இருப்பது என்ன என்பதுதான் கேள்வி," என்றார் ரேஞ்சர். ஒரு துணுக்கைக் கொளுத்தி மோந்து பார்த்தார்கள். முடி கருகும் நாற்றம். கொம்பைக் கொளுத்தினாலும் அந்த நாற்றம்தான், செதிலைக் கொளுத்தினாலும் அதேதான். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தெரியும். பதில் வர மாசக்கணக்காகும். அதுவரை ஞானதாஸ் உள்ளே.

எத்தனையோ வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஒரிஜினல், ஒரிஜினல் என்று சத்தியம் செய்த கடை. அன்றைக்கு ஒரே ஒரு பொருள் போலி என்று நிரூபிக்க வழியில்லாமல் நின்றது.

சுகுமாரன் சார் பக்கம் திரும்பினேன். "சார், நான் போட்டது பட்டை. செதில் போடச் சொன்னது நீங்க. ஈனாம்பேச்சின்னு பேர் வெச்சதும் நீங்க. சொல்லுங்கோ."

"ஞான் பறஞ்ஞோ?" அவர் மோவாயைத் தடவினார். "டிசைன் செக்‌ஷன் காரியமாச்சே அதெல்லாம்... நோக்கட்டே."

ஒரு மனிதனை ஜீப்பில் ஏற்றுகிறார்கள், இவர் பார்க்கலாம் என்கிறார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஞானதாஸிடம் போனேன். "தாஸண்ணா, கொம்புன்னு நீங்களாவது சொல்லுங்கோ! வாயைத் திறக்காம நிக்கறேளே!"

அவர் என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். "காட்டுலயே கெடக்க ஆளு மேடம் அவரு. தொட்டுப் பாத்துட்டு ஒரிஜினல்னு சொல்லுதாரு. நான் போயி இல்லன்னு சொல்லணுமா? அவரே கண்டுபிடிக்கட்டும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பெருமை பிடித்த மனிதர் ஜெயிலுக்குப் போகவும் தயார். வீட்டில் மனைவி இருக்கிறாள், தாயார் படுக்கையில் இருக்கிறார், இவர் பாராட்டு கேட்டு மயங்கி நிற்கிறார்.

எனக்கு அப்போதுதான் ஜன்னலோர யானைகள் ஞாபகத்துக்கு வந்தன. தட்டையாக்கிய கொம்பில் செய்த காதுகள் மேற்கு வெயில் பட்டு மெல்லச் சுருண்டுகொள்ளும், எங்களுக்கு அது தீராத தலைவலி. அனலில் வாட்டி அழுத்திய கொம்பு, மறுபடி சூடு கண்டால் பழைய வளைவுக்கே திரும்பும். எருமை தலையில் எப்படி வளைந்திருந்ததோ அப்படி. பிறக்கும்போதே செதிலாகப் பிறந்தது எதற்காகச் சுருளப் போகிறது?

ரேஞ்சரிடம் சொன்னேன். அவருக்கும் ஒருவனை அநியாயமாகக் கொண்டுபோகும் ஆசை இல்லை. "காட்டுங்கள்," என்றார். பக்கத்துச் சாயாக் கடை பாய்லரிலிருந்து ஒரு வாளி வெந்நீர் வந்தது. வால் பக்கமிருந்து ஒரு செதிலைப் பெயர்த்துப் போட்டேன். சற்று நேரம் சும்மா கிடந்தது. பிறகு சோம்பல் முறிப்பதுபோல ஓரம் தூக்கி வளைந்துகொண்டது. ரேஞ்சர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொம்புதான். ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம்? நடுவில் கலந்து ஒட்டியிருந்தால்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் ஞானதாஸுக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அவர் ஜீப் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"வேண்டாம் மேடம். நான் போறேன் அவியகூட. மாசக்கணக்குன்னாலும் பரவால்ல. என்னைக்காவது விடாமலா போவாவ? இத ஒண்ணும் செஞ்சிராதீங்க."

"பைத்தியமா உங்களுக்கு? இது பொம்மை தாஸண்ணா. இன்னொண்ணு பண்ணிக்கலாம்."

"இன்னொண்ணு வராது மேடம். ஒங்களுக்கே தெரியும்லா."

தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் வாளியைத் தூக்கினேன். ரேஞ்சரோடு வந்த இரண்டு வனக்காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் ஆரம்பித்து வால்வரை கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். பாய்லரில் இருந்த நீர் முழுவதும் தேவைப்பட்டது. ஒரு செதில் எழுந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு முதுகு முழுக்க எழுந்து, சுருண்டு, பசை விட்டுத் தரையில் உதிர்ந்தது. மழையில் நனைந்து சிலிர்த்துக்கொண்ட கோழி மாதிரி நின்றது அந்தப் பிராணி. ஒரு செதில்கூட மிச்சமில்லாமல் அத்தனையும் எருமைக் கொம்பு என்று சாட்சி சொல்லிவிட்டது.

ரேஞ்சர் ஞானதாஸின் தோளைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். வண்டி தெருமுனை திரும்பியதும் சுகுமாரன் சாருக்குப் பேச்சு வந்தது. "ஞான் பண்டே பறஞ்சதல்லே, இவிடே உள்ளது எல்லாம் டூப்ளிக்கேட்டுன்னு!" என்று உள்ளே நின்ற வாடிக்கையாளர்கள் முன்னாலேயே உரக்க அறிவித்தார். ஒரு அம்மாள் கையில் வைத்திருந்த கோயில் விளக்கைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். கழக்கூட்டம் கம்பெனிக்கு விஷயம் எட்டியதும், அவர்கள் கம்பெனியின் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று போன் செய்தார்கள். ஆபத்து என்றதும் சுருண்டுகொண்டார்கள், பாவம்.

ஞானதாஸ் ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து சுருண்ட செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். அழுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"ஜெயிலுக்குப் போகட்டும்னு விட்டிருக்கணுங்கறேளா?" என்றேன்.

"நீங்க நல்லதுதான் செஞ்சிய மேடம். அதுல ஒண்ணும் சொல்லதுக்கில்ல." அவர் கடைசிச் செதிலையும் எடுத்துக்கொண்டார். "இத்தன வருசத்துல இந்தக் கடைக்கு எத்தன பேரு வந்தாவ. செஞ்சது யாருன்னு கேட்டவன் இன்னைக்கு வந்த காட்டுப் போலீஸ் ஒருத்தன்தான்."